எலும்பு வெளியே தெரியும் முறிவு: முதல் சில மணி நேரத்தில் நம் கையில் இருப்பது என்ன?



இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு அவலாஞ்சி சாலையில் கேரட் மூட்டை ஏற்றி வந்த பிக்கப் வண்டி ஒன்று வளைவில் சறுக்கி, கீழே இருந்த தோட்டத்தில் சரிந்தது. வண்டியை ஓட்டி வந்த சகோதரருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. காயம் முழுக்க எரு கலந்த தோட்டத்து மண். மழை விடவில்லை, இருட்டிவிட்டது. வீட்டார் எண்ணெய் தடவி, பச்சிலை வைத்து, மூங்கில் தப்பை கட்டிப் படுக்க வைத்தார்கள். அறுவை மருத்துவர் அந்தக் காலைப் பார்த்தபோது மறுநாள் மதியம் தாண்டிவிட்டது.

கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சீழ் பிடித்து நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்கு மேல் வருமானம் இல்லை. உதவி கேட்டு எங்களிடம் வந்த அவருடைய தம்பி, படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "பாய், அன்னைக்கு ராத்திரியே கொண்டு போயிருந்தா என்ன மாறியிருக்கும்?"

எங்களால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், எலும்பு முறிவு பற்றி வந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். யாரையும் குறை சொல்வது நோக்கமல்ல. அடுத்த முறை நம் வீட்டில் ஒருவருக்கு நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

திறந்த முறிவு என்றால் என்ன?

தோல் கிழியாமல் உள்ளேயே எலும்பு முறிந்தால் அது மூடிய முறிவு. முறிந்த இடத்துக்கு மேலே தோல் கிழிந்து, வெளிக்காற்றும் அழுக்கும் எலும்பைத் தொடும்படி ஆகிவிட்டால் அது திறந்த முறிவு. எலும்பு நீட்டிக்கொண்டு தெரிய வேண்டும் என்பதில்லை. முறிந்த இடத்தில் சிறிய துளை போன்ற காயம் இருந்து ரத்தம் கசிந்தாலும் அது திறந்த முறிவாக இருக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்கு முன்பக்கம் சதை மிகக் குறைவு. தொட்டுப் பார்த்தாலே எலும்பு தட்டுப்படும். ஆகவே விபத்தில் அந்த இடம் எளிதில் கிழிகிறது. சதை குறைவாக இருப்பதால் ரத்த ஓட்டமும் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். உள்ளே போன கிருமி எலும்பில் குடியேறிவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு. மாதக்கணக்கில் சீழ் வடியும், முறிவு சேராது. சிலருக்குக் கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும்.

கோவையில் உருவான ஒரு கணக்கு

இப்படிப்பட்ட காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா? எலும்பு மருத்துவர்களுக்கு இது பழைய சிக்கல். 1990இல் அமெரிக்காவில் 'மெஸ்' என்ற மதிப்பெண் முறை வந்தது. 7 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் என்றால் காலை எடுக்கலாம் என்றது அது. ஆனால் அந்த முறை எல்லாக் காயத்துக்கும் பொருந்தவில்லை. குறிப்பாக, பெரிய ரத்தக் குழாய் அறுபடாமல் எலும்பும் சதையும் தோலும் மட்டும் சிதைந்த காயங்களில் அது சரியாக வழிகாட்டவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க நம் மலைக்குக் கீழே இருக்கும் கோயம்புத்தூரிலேயே ஒரு முறை உருவானது. 1978இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனையில், அவருடைய மகன்களான எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரனும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எஸ். ராஜ சபாபதியும் பணியாற்றுகிறார்கள். அங்கே சிகிச்சை பெற்ற 109 பேரின் கடுமையான திறந்த முறிவுகளை வைத்து ஒரு மதிப்பெண் முறை வகுக்கப்பட்டு, 2006இல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் வெளியானது. 'கங்கா மருத்துவமனை திறந்த காய மதிப்பெண்' என்று அதை இன்று பல நாட்டு மருத்துவர்கள் அறிவார்கள்.

தோல், எலும்பு, தசை நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். சேதம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். இதோடு நோயாளியின் நிலையைக் காட்டும் ஏழு விஷயங்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். மொத்தம் 14 வரை என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17உம் அதற்கு மேலும் என்றால் காலை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. இடையில் 15, 16 வந்தால் மருத்துவர் அனுபவத்தைக் கொண்டு முடிவெடுப்பார்.

அந்த ஏழு விஷயங்கள்தான் நமக்கு முக்கியம். காயம் பட்டு 12 மணி நேரத்துக்குப் பிறகே சுத்தம் செய்யும் அறுவை நடந்தது. சாக்கடை நீர், சாணம், தோட்டத்து மண் போன்றவை காயத்தில் கலந்தது. வயது 65க்கு மேல். மருந்து சாப்பிடும் அளவுக்குச் சர்க்கரை நோய், அல்லது மயக்க மருந்து கொடுப்பதைச் சிக்கலாக்கும் இதய, நுரையீரல் நோய். உடம்பில் வேறு பல பெரிய காயங்கள். வந்து சேரும்போது ரத்த அழுத்தம் 90க்குக் கீழே. அதே காலில் இன்னொரு பெரிய காயம்.

வயதை நம்மால் மாற்ற முடியாது. விபத்தின் வேகமும் நம் கையில் இல்லை. ஆனால் முதல் வரியைப் பாருங்கள். 12 மணி நேரம் தாண்டினால் 2 மதிப்பெண். எருப் போட்ட மண்ணில் விழுந்தவருக்கு ஏற்கெனவே 2 மதிப்பெண் சேர்ந்துவிடுகிறது. நஞ்சநாட்டிலும் இத்தலாரிலும் எமரால்டிலும் சாலைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் காய்கறித் தோட்டம்தான். அங்கே விழுகிறவர் ஒரு இரவைக் கடத்தினால் 4 மதிப்பெண். 13இல் இருக்க வேண்டிய கால் 15க்குப் போய்விடுகிறது. தம்பி கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் இது.

இரண்டாவது பதிலும் அதே மருத்துவமனையிலிருந்து வருகிறது. கடுமையான திறந்த முறிவுக் காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது, சில நாள் திறந்தே வைக்க வேண்டும் என்பது நெடுங்காலப் பழக்கம். தகுந்த காயங்களைத் தேர்ந்தெடுத்து முதல் அறுவையிலேயே மூடிய 173 காயங்களின் முடிவை ஐந்தாண்டுகளுக்கும் குறையாமல் தொடர்ந்து பார்த்து 2009இல் அவர்கள் வெளியிட்டார்கள். 150 காயங்களில், அதாவது நூற்றுக்கு 86க்கும் மேல், மிக நல்ல பலன். ஆனால் அந்தத் தேர்வுக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. தோல் இழப்பு இருக்கக் கூடாது, 12 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்திருக்க வேண்டும், சாக்கடையோ சாணமோ கலந்திருக்கக் கூடாது. நேரம் தாண்டி வருபவருக்கு இந்த எளிய வழி கிடைப்பதில்லை. பல அறுவைகள் கொண்ட நீண்ட வழிதான்.

ஆறு மணி நேரக் கணக்கு சரியா?

திறந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் செய்ய வேண்டும் என்று பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். 1898இல் ஜெர்மனியில் பிரீட்ரிக் என்ற மருத்துவர் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்ட மண்ணையும் படிக்கட்டுத் தூசியையும் இட்டுச் செய்த சோதனையிலிருந்து வந்தது அந்தக் கணக்கு.

அமெரிக்காவின் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்த 'லீப்' என்ற பெரிய ஆய்வில், கடுமையான திறந்த முறிவு கொண்ட 315 பேரின் விவரங்களைப் பரிசீலித்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. அறுவை ஐந்து மணி நேரத்தில் நடந்ததா பத்து மணி நேரத்தில் நடந்ததா என்பதைப் பொறுத்துச் சீழ் பிடிப்பது பெரிதாக மாறவில்லை. வேறொன்று மாற்றியது. முழுச் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனைக்கு நோயாளி எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தார் என்பதே அது. சீக்கிரம் வந்தவர்களுக்குத் தொற்று குறைவு, தாமதமாக வந்தவர்களுக்கு அதிகம்.

ஆறு மணி நேரம் கடந்துவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம் என்பது இதில் ஒரு பாடம். காலை காப்பாற்றும் வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போவதுதான் முக்கியம் என்பது இன்னொன்று.

நம் போன்ற நாடுகளில் தாமதம் எங்கே நிகழ்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். 'இனார்மஸ்' என்ற ஆய்வு, இந்தியா உட்படப் பல வளரும் நாடுகளில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்பு முறிவு நோயாளிகளைப் பதிவு செய்தது. தாமதத்துக்கு அதிகம் கிடைத்த காரணம், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது. இங்கே போய், அங்கே போகச் சொல்லி, அங்கிருந்து மறுபடி வேறிடம் என்று அலைந்த கதை நம் மலையில் எத்தனை வீட்டில் இருக்கிறது!

முதல் ஊசி எப்போது?

முழங்காலுக்குக் கீழே கடுமையான திறந்த முறிவு ஏற்பட்ட 137 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. விபத்து நடந்து 66 நிமிடத்துக்குப் பிறகு கிருமிக்கு எதிரான மருந்து பெற்றவர்களுக்குத் தொற்று கூடுதலாக இருந்தது. காயத்தை மூட ஐந்து நாளுக்கு மேல் ஆனவர்களுக்கும் அப்படியே.

அவலாஞ்சியிலிருந்து ஊட்டி 25 கிலோமீட்டருக்கு மேல். ஊட்டியிலிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை இன்னும் 85 கிலோமீட்டர் அளவில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டி, சாலைகள் அறுந்து கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கோவை போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் ஊசி என்றால் நமக்கு 66 நிமிடம் எப்போதும் கிடைக்காது. எனவே முதலில் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டுவிட வேண்டும்: "காயம் திறந்திருக்கிறது, கிருமிக்கான ஊசி போட்டாகிவிட்டதா? டி.டி. ஊசி போட்டாகிவிட்டதா?" போட்ட மருந்தும் நேரமும் சீட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். இதைக் கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல மருத்துவர் யாரும் கோபிக்க மாட்டார்.

கழுவுவதற்கு எது நல்லது?

காயத்தைச் சோப்புக் கரைசலால் கழுவுவதா, வெறும் சலைன் நீரால் கழுவுவதா, அழுத்தமாகப் பீய்ச்சுவதா, மெதுவாக ஊற்றுவதா என்பதிலும் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. 'ஃப்ளோ' என்ற ஆய்வு இந்தியா, கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நார்வே ஆகிய நாடுகளில் 2,447 பேரிடம் இதைச் சோதித்து 2015இல் முடிவைச் சொன்னது. அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சோப்பு பயன்படுத்தியவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. சலைன் பயன்படுத்தியவர்களில் 11.6 சதவீதம்.

விலை மலிவான சலைன் நீரே போதும் என்றாகிவிட்டது. இது அறுவை அரங்கில் நடந்த ஆய்வு என்றாலும் வீட்டுக்கும் ஒரு படிப்பினை உண்டு. பயிற்சி பெற்ற கைகள் இட்ட சோப்பே உதவவில்லை என்றால், நாம் இடும் காப்பித்தூளும் மஞ்சளும் பற்பசையும் வேண்டவே வேண்டாம்.

விபத்து நடந்த இடத்தில்

1. 108ஐ அழையுங்கள். "எலும்பு முறிந்து காயம் திறந்திருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

2. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

3. நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காலை இழுத்து நேராக்க முயலாதீர்கள்.

4. கையால் எளிதில் எடுக்கக்கூடிய இலை, கல் இருந்தால் எடுக்கலாம். ஓடைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். துவைத்துக் காய்ந்த வெள்ளைத் துணியால் மூடுங்கள். எண்ணெய், பச்சிலை, மண் எதுவும் வேண்டாம்.

5. கால் ஆடாமல் இருக்கப் பலகையோ மடித்த போர்வையோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே வீங்கும் சதைக்கு ரத்தம் போகாது. கட்டிய பிறகு விரல் நுனி வெளியே தெரிய வேண்டும்.

6. பாதம் சில்லிட்டு, வெளுத்து அல்லது நீலம் பூத்துவிட்டால் ரத்தக் குழாய் அடிபட்டிருக்கலாம். ரத்தம் போகாத தசை ஆறு மணி நேர அளவில் செத்துவிடும். இதை உடனே ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள்.

7. அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பாசத்தில் டீயும் பன்னும் கொடுத்துவிடாதீர்கள்.

8. விபத்து நடந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து உடன் போகிறவர் வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டும் உடன் போகட்டும்.

தப்பை கட்டும் நாட்டு வைத்தியர்கள் மீது நம் மக்களுக்கு உள்ள மதிப்பை நாங்கள் அறிவோம். அவர்களிலும் நேர்மையானவர்கள், காயம் திறந்திருந்தால் கையை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதையே நாமும் செய்வோம்.

பணத்துக்குப் பயந்து நிற்க வேண்டாம்

பல குடும்பங்கள் இரவைக் கடத்துவதற்குக் காரணம் அறியாமை அல்ல, செலவு பயம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தொடங்கும்போதே ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரம்பு வைக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு. அதன் பிறகான செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை எடுக்காதவர்கள் நலமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது என்பதும் நமக்குப் பெரிய ஆறுதல்.

அடிபட்டவர் அந்நியராக இருந்தாலும் தூக்கிக்கொண்டு போகத் தயங்க வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது.

அறுவைக்குப் பிறகு நம் பங்கு

'லீப்' ஆய்வின் இன்னொரு முடிவு எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. கால் சிதைந்த 569 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். காலைக் காப்பாற்றியவர்களும், கால் எடுக்கப்பட்டவர்களும் இரண்டாண்டு முடிவில் அன்றாட வாழ்வில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். யார் பின்தங்கினார்கள்? மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தவர்கள், வறுமையில் இருந்தவர்கள், படிப்புக் குறைந்தவர்கள், துணைக்கு ஆள் இல்லாதவர்கள், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை இழந்தவர்கள், புகைபிடித்தவர்கள்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் மருத்துவரின் கத்திக்கு எட்டாதவை. குடும்பத்துக்கும் ஜமாஅத்துக்கும் எட்டக்கூடியவை. மருத்துவர் காலை எடுத்தாக வேண்டும் என்று சொன்னால் அதோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதும் இதில் இருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தி உழைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதே ஆய்வில், புகைபிடிப்பவர்களுக்கு முறிவு சேரும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. எலும்பில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு 3.7 மடங்கு. ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போகிற நண்பர்கள் பாக்கெட்டில் பீடிக் கட்டு கொண்டு போகாதீர்கள்.

காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாட்களில் தொழுகையை உட்கார்ந்தோ படுத்தோ நிறைவேற்ற மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. "நின்று பாருங்களேன்" என்று யாரும் வற்புறுத்த வேண்டாம். ஊன்றலாம் என்று அவர் சொன்ன பிறகு வலிக்குப் பயந்து படுத்தே இருக்கவும் வேண்டாம்.

தம்பியின் கேள்விக்கு

அன்று இரவே கொண்டு போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒவ்வொரு காயமும் வேறு. முடிவு இறைவன் கையில். ஆனால் கணக்கில் 2 மதிப்பெண் குறைந்திருக்கும். முதல் ஊசி அன்றைக்கே கிடைத்திருக்கும். எருவும் பச்சிலையும் ஓரிரவு முழுக்க எலும்பின் மேல் இருந்திருக்காது. நான்கு அறுவை இரண்டாகக் குறைந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இதை அவரிடம் நேரில் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இதை எல்லாருக்கும் சொல்லுங்க பாய்" என்றார். அவர் சொன்னதால்தான் இந்தக் கட்டுரை.

ஒவ்வொரு பகுதியிலும் இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டி ஓட்டுநர் இருவரின் பெயரும் எண்ணும், வீட்டுக்கு ஒரு பொட்டலம் துவைத்த வெள்ளைத் துணியும், அடுத்த மழைக்கு முன்பு தயாராக இருக்க வேண்டும். ஓட்டுநர்கள் தங்கள் பெயரை நம் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். டீசல் செலவை அறக்கட்டளை ஏற்கும், இன்ஷா அல்லாஹ்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து, வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.